வாலைக் கரைத்துக் காலை வளர்க்கும் ஹார்மோன்

தலைப்பிரட்டை தவளையாகும்போது எல்லோரும் பார்ப்பது முளைக்கிற கால்களைத்தான். எனக்கென்னவோ வால்தான் பெரிய அதிசயம். பல்லியின் வாலைப்போல அது கழன்று விழுவதில்லை. வாலிலுள்ள செல்கள் தம்மைத் தாமே அழித்துக்கொள்ள, அந்தச் சத்தை உடல் உறிஞ்சிக்கொள்கிறது. அந்த நாள்களில் தலைப்பிரட்டைக்கு வால்தான் சாப்பாடு. வெளியிலிருந்து எதையும் தின்ன வழியில்லை: வாய் உருமாறிக்கொண்டிருக்கும், பாசியைச் செரித்த நீண்ட குடல் பூச்சியைச் செரிக்கும் குட்டைக் குடலாகச் சுருங்கிக்கொண்டிருக்கும்.

இத்தனையையும் தொடங்கிவைப்பது தைராய்டு ஹார்மோன். 1912-இல் குடர்னாட்ச் என்ற ஆய்வாளர் தலைப்பிரட்டைகளுக்குக் குதிரையின் தைராய்டு சுரப்பியை ஊட்டிப் பார்த்தார். அவை வளர்ச்சியை நிறுத்திவிட்டு, பருவம் வருமுன்பே பொடித் தவளைகளாக மாறின. அப்புறம் சில ஆண்டுகளில் வேறொருவர் தைராய்டை வெட்டி எடுத்தபோது, தலைப்பிரட்டைகள் பெருத்துக்கொண்டே போயின; தவளையாகவே இல்லை.

சரி, இரத்தத்தில் ஓடுவது ஒரே ஹார்மோன். கால் வளர்கிறது, வால் சாகிறது. எப்படி? செல்லுக்குள் டிஎன்ஏ மீது அமர்ந்திருக்கும் ஏற்பிப் புரதத்தில் போய் ஹார்மோன் ஒட்டிக்கொள்ளும். உடனே சில மரபணுக்கள் வேலையைத் தொடங்கும். எந்த மரபணுக்கள் என்பது அது எந்த உறுப்பின் செல் என்பதைப் பொறுத்தது. 1930-களில் இதை அழகாகக் காட்டினார்கள். தலைப்பிரட்டையின் வாலில் ஒரு கண்ணை ஒட்டவைத்தார்கள். சுற்றியிருந்த வால் முழுக்கக் கரைந்துபோனது. கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. வால் சுருங்கச் சுருங்க நகர்ந்து உடலோடு வந்து சேர்ந்துகொண்டது.

வரிசை பிசகாததற்கும் காரணம் உண்டு. இரத்தத்தில் ஹார்மோன் மெல்ல மெல்லத்தான் கூடும். பின்னங்கால் மொட்டுகளுக்குக் கொஞ்சம் இருந்தாலே போதும். முன்னங்கால்களோ செவுள் மூடிக்குள் மறைவாக வளர்ந்து, பிறகு தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். வால் கரைய ஹார்மோன் உச்சத்தைத் தொட்டாக வேண்டும். அதனால் கால்கள் தயாராகும்வரை நீந்த வால் மிஞ்சியிருக்கும். இந்த ஒழுங்கு தலைகீழானால் அந்த உயிர் பிழைக்காது.

தவளைக்கு உறவான, வாலுள்ள சாலமாண்டர் இனத்தைச் சேர்ந்தது மெக்சிகோவின் ஆக்சலாட்டல். அது இந்த ஹார்மோனைப் போதிய அளவு சுரப்பதில்லை. அது செவுளோடும் துடுப்பு வாலோடும் தண்ணீரிலேயே வாழ்ந்து, அந்த உருவத்திலேயே இனப்பெருக்கமும் செய்கிறது. ஆனால் வெளியிலிருந்து ஹார்மோன் கொடுத்தால், செவுளை இழந்து தரையில் நடக்கும் சாலமாண்டராகிவிடுகிறது.