வானளாவிய கட்டடமும் அதன் காலடியிலுள்ள நடைபாதையும்

2013-ஆம் ஆண்டு கோடையின் இறுதியில், லண்டன் ஈஸ்ட்சீப் தெருவில் இருந்த ஒரு முடிதிருத்தகத்தின் வாசல் கம்பளம் பட்டப்பகலில் கருகியது. யாரும் தீ வைக்கவில்லை. அருகில் முடியும் தறுவாயில் இருந்த 20 ஃபென்சர்ச் தெருக் கட்டடத்தின் தெற்கு முகப்பில் பட்ட வெயில், உட்குழிந்த கண்ணாடிப் பரப்பினால் குவிக்கப்பட்டு, அந்தக் கடை வாசலில் இறங்கியிருந்தது. அதே நாட்களில் அத்தெருவில் நின்ற ஒரு ஜாகுவார் காரின் பக்கக் கண்ணாடிக் கூடும் சின்னமும் உருகி நெளிந்தன. கட்டடத்தை எழுப்பியவர்கள் மன்னிப்புக் கேட்டு, பழுதுபார்க்கும் செலவாக 946 பவுண்டு கொடுத்தார்கள். செய்தியாளர் ஒருவர் நடைபாதையில் வாணலியை வைத்து முட்டையே பொரித்துக் காட்டினார்.

கட்டட முகப்புகளுக்கு வரைபடம் தயாரிப்பது என் தொழில். எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேரும் இளைஞர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. அவர்கள் இதைக் கண்ணாடியின் கதையாக எடுத்துக்கொள்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை, ஒரு நகரம் ஒரு கட்டடத்தைப் பற்றிப் பல ஆண்டுகள் வாதாடியும், அதன் அடியில் நடக்கப்போகும் மனிதர்களைப் பற்றிப் போதுமான அளவு வாதாடாமல் விட்ட கதை இது.

கட்டடத்தை வடிவமைத்தவர் உருகுவேயில் பிறந்த ரஃபேல் வின்யோலி. மேல்தளங்களுக்குத்தான் வாடகை அதிகம் என்பதால், உயர உயரக் கட்டடம் அகன்றுகொண்டே போகும்படி வடிவம் அமைந்தது. லண்டன்வாசிகள் அதற்கு வைத்த பெயர் வாக்கி-டாக்கி. முதலில் ஏறத்தாழ 200 மீட்டர் உயரத்துக்குத் திட்டமிடப்பட்டு, எதிர்ப்புகளுக்குப் பிறகு 160 மீட்டராகக் குறைக்கப்பட்டது. மற்ற கோபுரங்களின் கூட்டத்திலிருந்து விலகி, தேம்ஸ் நதிக்கு அருகே தனியாக நிற்பதால், லண்டன் கோட்டை, புனித பவுல் பேராலயம் ஆகியவற்றின் காட்சி கெட்டுவிடும் என்று மரபுச் சின்னங்களுக்கான அமைப்பான இங்கிலீஷ் ஹெரிடேஜ் ஆட்சேபித்தது. பொது விசாரணை நடந்தது. 2007-இல் அன்றைய அமைச்சர் ரூத் கெல்லி அனுமதி வழங்கினார். உச்சியில் பொதுமக்களுக்கென ஒரு தோட்டம் அமையும் என்ற உறுதி, அந்த அனுமதிக்கு ஆதரவான முக்கிய வாதங்களில் ஒன்று.

அந்த விவாதம் பெரும்பாலும் தொலைவிலிருந்து பார்க்கும் கண்ணைப் பற்றியதாகவே இருந்தது. பாலத்திலிருந்து எப்படித் தெரியும், அக்கரையிலிருந்து எப்படித் தெரியும், பேராலயக் குவிமாடத்தோடு சேர்ந்து எப்படித் தெரியும் என்பவை நியாயமான கேள்விகளே. நகரின் தோற்றம் எல்லோருக்கும் உரிய சொத்து என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஆனால் அழகைப் பற்றிய தீர்ப்பு காலத்தோடு திரும்பிவிடும். 2004-இல் திறக்கப்பட்ட 30 செயின்ட் மேரி ஆக்ஸ் கட்டடத்தை 'வெள்ளரிக்காய்' என்று முதலில் கேலிசெய்தவர்களின் ஊரிலேயே, இன்று அது அஞ்சலட்டைகளில் இடம்பெறும் செல்லப்பிள்ளை. வாக்கி-டாக்கிக்கு 2015-இல் 'பில்டிங் டிசைன்' இதழ், பிரிட்டனின் மிக மோசமான புதிய கட்டடம் என்று சொல்லி 'கார்பங்கிள் கோப்பை'யை அளித்தது. 2017-இல் அதே கட்டடம் 128 கோடி பவுண்டுக்கு ஹாங்காங் நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டது. அசிங்கம் என்ற சொல் விலையைத் தொடவே இல்லை.

கம்பளம் கருகியதற்கான காரணமோ ரசனையைச் சார்ந்ததல்ல, பள்ளியில் படித்த குழியாடிதான். தெற்கு நோக்கிய முகப்பு உட்குழிந்து வளைந்திருந்தால், அது வெயிலைச் சிதறவிடாமல் ஒரு திட்டில் சேர்க்கும். அந்தத் திட்டு எங்கே விழும் என்பது சூரியனின் உயரத்தைப் பொறுத்தது. லண்டனில் செப்டம்பர் தொடக்கத்தில் நண்பகல் சூரியன் ஏறத்தாழ 46 பாகை உயரத்தில் நிற்கும். ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஏறக்குறைய அதே உயரத்துக்கு வரும். ஒளித்திட்டு ஒரு நாளைக்குச் சுமார் 2 மணி நேரம், அதுவும் இரண்டு மூன்று வாரங்களுக்கு மட்டுமே தெருவில் விழும் என்று கட்டடத்தார் விளக்கம் அளித்தார்கள். அதாவது எப்போது, எங்கே, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் கணக்கில் வரக்கூடியவை. வின்யோலியே வடிவமைத்த, லாஸ் வேகஸிலுள்ள வடாரா விடுதியின் வளைந்த முகப்பு, நீச்சல் குளத்தருகே படுத்திருந்த விருந்தினர்களைச் சுடுகிறது என்ற செய்தி 2010-லேயே உலகெங்கும் வெளிவந்திருந்தது.

தெற்கு முகப்பில் முதலில் கிடைமட்ட லூவர்கள், அதாவது வெயில் தடுப்புப் பட்டைகள், இருந்ததாகவும் செலவைக் குறைக்கும்போது அவை நீக்கப்பட்டதாகவும் அப்போது செய்திகள் வெளியாயின. இதில் எங்கள் தொழிலில் இருப்பவர் எவரும் வியப்படைய மாட்டார். 'வேல்யூ எஞ்சினியரிங்' என்று நாங்கள் மரியாதையாகச் சொல்லும் அந்தக் கட்டத்தில் முதலில் வெட்டுப்படுவது லூவர்தான். அது இல்லாவிட்டாலும் கட்டடம் நிற்கும், மழை உள்ளே வராது. பல ஆண்டுகளுக்கு முன் வளைகுடா நாடொன்றின் அலுவலகக் கோபுரத்துக்கு நானே அந்த வேலையைச் செய்திருக்கிறேன். மாற்றம் செய்த இடத்தை வரைபடத்தில் மேகம் போன்ற வளைகோட்டால் சுற்றி, ஓரத்தில் ஒரு முக்கோணத்துக்குள் திருத்த எண்ணை இட்டு, 'லூவர் நீக்கப்பட்டது' என்று இரண்டு சொல் எழுதினேன். ஐந்து நிமிட வேலை. கட்டுமான இடத்தின் வேலித் தகரத்தில் ஒட்டியிருந்த பெரிய படத்தில் மட்டும், கட்டடம் முடியும்வரை லூவர்கள் அப்படியே இருந்தன. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஊர் கருத்துச் சொல்லியிருக்கும்.

காற்றின் கதையும் இதுபோன்றதே, ஆனால் இது வெயிலைவிட ஆபத்தானது. உயரத்தில் வேகமாக வரும் காற்று அகன்ற முகப்பில் மோதி, போக வழியின்றிக் கீழ்நோக்கி இறங்கி, கட்டடத்தின் மூலைகளைச் சுற்றித் தெருவில் சீறும். வாக்கி-டாக்கியின் அடியில் நடப்பவர்கள் தள்ளாடுவதாக 2015-இல் புகார்கள் எழுந்தன. கட்டிமுடித்த பிறகு தெருமட்டத்தில் வீசும் காற்று, சில திட்டங்களில் முன்னர்க் காட்டப்பட்ட கணிப்போடு ஒத்துப்போகவில்லை என்று மாநகர அதிகாரிகளே ஒப்புக்கொண்டார்கள். லீட்ஸ் நகரில், 112 மீட்டர் உயரமுள்ள பிரிட்ஜ்வாட்டர் பிளேஸ் கட்டடத்தருகே 2011-இல் காற்று ஒரு லாரியையே கவிழ்த்து, நடந்து சென்ற ஒருவர் உயிரிழந்தார். காற்றைத் தடுக்கும் அமைப்புகள் அங்கே வந்தது பல ஆண்டுகள் கழித்துத்தான். லண்டன் சிட்டி மாநகராட்சி 2019-இல், சைக்கிளில் செல்வோரையும் கணக்கில் கொண்டு, உயர்ந்த கட்டடங்களின் காற்றாய்வுக்குத் தனி வழிகாட்டுதலை வெளியிட்டது.

ஆகவே, உங்கள் பகுதியில் ஒரு கோபுரம் வரப்போகிறது, கருத்துக் கேட்கிறார்கள் என்றால், 'பார்க்க நன்றாக இல்லை' என்று எழுதுவதோடு நிறுத்திவிடாதீர்கள். அதற்கும் இடமுண்டு, ஆனால் அதற்கு எதிராக 'எங்களுக்கு நன்றாக இருக்கிறது' என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும். காட்டப்படும் படங்களில் கேமரா எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள். பறவையின் உயரத்திலிருந்தோ ஆற்றின் அக்கரையிலிருந்தோ எடுத்த காட்சிகளே நிறைந்திருந்தால், நீங்கள் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்திலிருந்து, உங்கள் கண்ணின் உயரத்தில் ஒரு படம் கேளுங்கள். நிழல், எதிரொளிப்பு, காற்று ஆகிய மூன்றின் ஆய்வுகளையும் கேளுங்கள். ஆண்டின் எந்த நாட்களுக்கு, எந்த மணிக்கு அவை கணக்கிடப்பட்டன, கட்டுபவர் அமர்த்தியவரைத் தவிர வேறு எவரேனும் சரிபார்த்தார்களா என்றும் கேளுங்கள். எல்லாவற்றையும்விட, வெயில் தடுப்பும் காற்றுத் தடுப்பும் அனுமதி ஆணையின் நிபந்தனைகளில் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். நிபந்தனையில் இருப்பதை என்னைப் போன்ற ஒருவர் ஐந்து நிமிடத்தில் அழித்துவிட முடியாது; மீண்டும் அனுமதி கேட்டுத்தான் ஆகவேண்டும்.

பொது நன்மை என்று சொல்லித் தரப்படும் வாக்குறுதிகளையும் இப்படியே உரசிப் பார்க்க வேண்டும். வாக்கி-டாக்கியின் உச்சித் தோட்டம் 2015-இல் திறக்கப்பட்டது. கட்டணம் இல்லைதான், ஆனால் அப்போது முன்பதிவு செய்து, குறித்த நேரத்துக்குப் போய், விமான நிலையம் போன்ற சோதனையைக் கடந்தே மேலே ஏற முடிந்தது. பூங்கா என்றால் நினைத்தபோது நுழைவது என்று எண்ணியிருந்தவர்களுக்கு அது ஏமாற்றமே. நார்மன் ஃபாஸ்டரின் நிறுவனம் வடிவமைத்த 305 மீட்டர் 'டியூலிப்' கோபுரத்தை லண்டன் மேயர் சாதிக் கான் 2019-இல் நிராகரித்தபோது, அதன் அடிமட்டத்துப் பொதுவெளி தரமாக இல்லை என்பதும் அவர் சொன்ன காரணங்களில் ஒன்றாக இருந்தது. 2021-இல் மேல்முறையீட்டிலும் அரசு மறுத்துவிட்டது.

வாக்கி-டாக்கிக்கு 2013-இல் தெருவில் சாரம் கட்டித் திரை மாட்டினார்கள், மூன்று கார் நிறுத்துமிடங்களை மூடினார்கள். மறு ஆண்டு தெற்கு முகப்பின் குறுக்கே கிடைமட்டமாக வெயில் தடுப்புப் பட்டைகளைப் பொருத்தினார்கள்.