பாட்டு ஓடாத ஹெட்போன்

“டாக்டர், இவ யார்கிட்டயும் முகம் கொடுத்துப் பேச மாட்டேங்கிறா. ரயில்ல பக்கத்து சீட்டு அம்மா அவ்வளவு ஆசையா விசாரிச்சாங்க, திரும்பிக்கூடப் பார்க்கல.” நாற்காலியில் உட்காரும் முன்பே அம்மா ஆரம்பித்துவிட்டார். மகளுக்கு இருபத்தாறு வயது, ஐ.டி. வேலை. (அடையாளம் தெரியாமலிருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அம்மாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, என்ன நடந்தது என்று மகளிடம் கேட்டேன். மதுரையில் வைகை எக்ஸ்பிரஸ் ஏறியதும் ஊர், வேலை, சம்பளம். திண்டுக்கல் வருவதற்குள் “இன்னும் கல்யாணம் ஆகலையா?” திருச்சி தாண்டியதும் “நீங்க எந்தப் பக்கம்? உங்க ஆளுங்க யாரு?” போதாததற்கு ஒவ்வொரு கேள்விக்கும் தொடையில் ஒரு தட்டு. ஹெட்போனை மாட்டிக்கொண்டாராம். அதில் பாட்டே ஓடவில்லை.

‘சும்மா பேச்சுக்குக் கேட்டது’ என்போம். அந்தக் கடைசிக் கேள்வி எதற்கு என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

அமெரிக்க மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் 1966-இல் எழுதிய கணக்குப்படி, சுமார் 45 செ.மீ.க்குள் மிக நெருங்கியவர்களுக்குத்தான் இடம், 1.2 மீட்டர் வரை நண்பர்கள். அந்நியர் அதற்கும் அப்பால். அவர் பார்த்தது அந்த ஊர் நடுத்தர வர்க்கத்தை. நம் டவுன் பஸ்ஸில் இதைச் சொன்னால் கண்டக்டர் சிரிப்பார். ஆனால் உடம்புக்கு இடம் இல்லாத இடத்தில், மனசு ஜன்னலிலோ ஹெட்போனிலோ தனக்கு ஓர் இடம் போட்டுக்கொள்கிறது. அதைத் திமிர் என்று படிப்பது தவறு.

2014-இல் வெளியான ஒரு சிகாகோ ஆய்வில், அந்நியரோடு பேசச் சொல்லப்பட்ட ரயில் பயணிகளுக்குப் பயணம் இனிமையாகவே இருந்தது. நம்புகிறேன். ஆனால் அங்கே யாரும் “உங்க ஆளுங்க யாரு” என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

சரி, இது நோயா? நான் கேட்பது வேறு. ஹோட்டலில் தப்பான ஐட்டம் வந்தால் சொல்வீர்களா? நாளை நாலு பேர் முன் பேச வேண்டுமென்றால் இன்று தூக்கம் போகிறதா? “டீம்ல டெமோ கொடுக்கிறதே நான்தான் டாக்டர்” என்றார். அப்படியானால் அது சுபாவம். பிறர் நம்மை எடைபோடுவார்கள் என்ற பயம் ஆறு மாதமாக விடாமல் நின்று, வேலையையோ படிப்பையோ அன்றாட வாழ்க்கையையோ கெடுத்தால்தான் சமூகப் பதற்றக் கோளாறு என்று யோசிப்போம். பேச்சுவழிச் சிகிச்சையாலும் மருந்தாலும் அது பெரும்பாலும் நன்றாகக் குறையும். அதேபோல, கலகலப்பாக இருந்தவர் திடீரென ஒதுங்கினால் மனச்சோர்வா என்று பார்க்க வேண்டும். டாக்டரிடம் வரத் தயங்குபவர்கள் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலிமானஸ் 14416-ஐ அழைக்கலாம். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

இந்தப் பெண்ணுக்கு மருந்து எழுதவில்லை. ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லிப் பழகினோம்: “சென்னைக்குத்தான்ம்மா போறேன். தலை வலிக்குது, கொஞ்சம் கண்ணை மூடிக்கிறேன்.” தலைவலி பொய்தானே என்று கேட்டார். ரயிலில் கேள்வி கேட்பவர் முகம் வாடாமல் இருக்க அந்த அளவு பொய்க்கு நானே அனுமதி கொடுத்தேன்.

கதவைத் திறந்தோம். வெளியே அம்மா எங்கள் ரிசப்ஷன் பெண்ணிடம், “சொந்த ஊர் எதும்மா? எத்தனை பிள்ளைங்க?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். மகள் பையிலிருந்து ஹெட்போனை எடுத்தார்.