ஆவாரம்பட்டை மென்றால் நாக்கு ஏன் இழுக்கிறது?

பென்னாகரத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வாய்ப்புண்ணுக்கு எங்க ஆயா ஆவாரம்பட்டைய மென்னு துப்பச் சொல்லும். நாக்கு அப்படியே வறண்டு இழுக்குதே, ஏன்?"

தருமபுரிக்காரர்களுக்கு ஆவாரையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பொங்கலுக்குப் பூளைப்பூ, வேப்பிலையோடு சேர்த்துக் காப்புக் கட்டுவோமே, அதுதான். ஓசூர்ப் பக்கம் தெலுங்கு பேசுகிறவர்களுக்குத் தங்கேடு. பூவைப் பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைப்பார்கள்; காயவைத்துப் பயத்தமாவோடு அரைத்துத் தேய்த்துக் குளிப்பார்கள்.

பட்டையின் கதை வேறு. அதில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் ஏராளம். நம் எச்சிலுக்கு வழவழப்புத் தருபவை சில புரதங்கள். டானின் மூலக்கூறுக்கோ நாலாபக்கமும் ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடி) கைகள். ஒவ்வொரு கையாலும் ஒரு புரதத்தைப் பிடித்து இழுக்க, எச்சில் திரிந்துபோகும். வழவழப்புப் போனால் நாக்கும் அண்ணமும் எண்ணெய் போடாத அச்சாணிதான். ஆக, அறுசுவையில் நாம் சேர்த்திருக்கும் துவர்ப்பு பெரும்பாலும் சுவையே இல்லை, தொடு உணர்வு! இதைப் படித்த அன்றே ஒரு துண்டு பட்டையை மென்று, பல்லின் பின்புறத்தை நாக்கால் தடவிப் பார்த்தேன். உப்புத்தாள் மாதிரி இருந்தது.

இதே பிடிதான் தோலையும் பதனிடுகிறது. வாணியம்பாடி, ஆம்பூர்ப் பட்டறைகள் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையை நம்பித்தான் ஓடின. தோலில் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் ஒரு முப்புரிக் கயிறு. கயிறுகளுக்கு நடுவே நீர் நிற்கும். டானின் அந்த நீரை விலக்கி உள்ளே புகுந்து, பக்கத்துப் பக்கத்துக் கயிறுகளைப் பிணைத்துவிடும். அப்புறம் பாக்டீரியாவின் நொதிகளுக்கு வெட்ட இடம் கிடைக்காது, தோல் அழுகாது. சுமார் 65 டிகிரி வெந்நீரிலேயே சுருண்டுவிடும் பச்சைத்தோல், பதனிட்ட பின் 80 டிகிரி வாக்கில்தான் சுருளும். உங்கள் ஆயா செய்ததும் சின்ன அளவில் தோல் பதனிடும் வேலைதான்: புண்ணின் மேலுள்ள புரதம் இறுகி ஆடைபோல மூடிக்கொள்ள, எரிச்சல் அடங்குகிறது.

"ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று அச்சடித்து, சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்லிப் பூப்பொடி விற்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சித்த மருத்துவத்தில் ஆவாரைக் குடிநீர் உண்டு. எலிகளுக்குச் சர்க்கரை குறைந்ததாக ஆய்வுகளும் உண்டு. எலியோடு நிற்காமல் மனிதர்களிடம் பெரிய அளவில் சோதிக்க அரசு பணம் ஒதுக்கட்டும். அதுவரை மாத்திரையை விடாதீர்கள்.

பட்டைக் கஷாயத்தைச் சாப்பாட்டோடு குடிக்கவும் வேண்டாம். டானின் இரும்புச்சத்தையும் பிடித்துக்கொள்ளும். சந்தேகமாக இருந்தால் ஒரு தம்ளர் கஷாயத்தில் துருப்பிடித்த ஆணியைப் போட்டு வையுங்கள். காலையில் பார்த்தால் கஷாயம் கருத்திருக்கும்.