வானம் மட்டும் மிஞ்சிய கோயில்

மதுரைப் பக்கத்துக் கண்மாய்க் கரைகளில், மடையில் கவிழ்ந்து கிடக்கும் கல்லில் எழுத்து தெரிவதுண்டு. பார்த்ததும் 'இங்கே கோயில் இருந்தது' என்று சொல்லிவிட முடியாது. மடைத்தூணிலேயே அதை அமைத்தவர் பெயரை வெட்டும் வழக்கம் பாண்டிய நாட்டில் இருந்தது. அப்படிப்பட்ட கல் அதன் சொந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் வரி பாதியில் தொடங்கிப் பாதியில் அறுந்து, அணையாமல் எரியும் நந்தா விளக்குக்கு ஆடு கொடுத்த விவரத்தைச் சொன்னால், அது ஏதோ ஒரு கோயிலின் அதிட்டானக் கல், அதாவது சுவரைத் தாங்கும் அடிப்பீடத்தின் கல்.

அதிட்டானத்தில் ஜகதி, குமுதம், பட்டிகை என்ற கல்வரிசைகள் எல்லாவற்றிலும் வாசகம் கல்லுக்குக் கல் தொடர்ந்து ஓடும். கோயிலைப் பிரித்து மடைக்குக் கொண்டுபோனவர்களுக்குக் கல்தான் வேண்டியிருந்தது, வாசகம் அல்ல. ஒரு கல்லில் அறுந்த சொல் இன்னொன்றில் தொடர்ந்தால், இரண்டும் ஒட்டி இருந்தவை. மூலைக்கற்களும் கிடைத்தால் சுவரின் நீளத்தையே கணக்குப் போடலாம். காலத்துக்கு எழுத்து உதவும்: வட்டெழுத்து என்ற பழைய எழுத்துமுறை என்றால், பெரும்பாலும் முதலாம் இராசராசன் பாண்டிய நாட்டைப் பிடிப்பதற்கு முந்தையது. சடையவர்மன், மாறவர்மன் என்ற பாண்டியர் பட்டத்தை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அந்தப் பெயரில் அரசர்கள் ஏராளம்.

சரி, கோயில் நின்ற இடம் எது? கல்லை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம், அஸ்திவாரத்துக்குத் தோண்டிய பள்ளமான வானத்தைக் கொண்டுபோக முடியாதே. கல்லைப் பெயர்த்த பள்ளத்தில் மேல்மண், சுண்ணாம்புத் துகள், செங்கல் உடைசல், ஓட்டுச்சில் எல்லாம் சரிந்து நிரம்பும். பக்கத்தில் யாரும் தோண்டாத கன்னிமண் இறுகி ஒரே நிறமாக இருக்கும். பள்ளத்தில் நிரம்பிய மண் பொலபொலவென்று கலவையாக இருக்கும். அகழாய்வுக் குழியின் தரையைச் செதுக்கிச் சமப்படுத்தி, லேசாகத் தண்ணீர் தெளித்தால், சுவர் போன தடம் பட்டையாகத் தெரிந்துவிடும். கிழக்கு பார்த்த சதுரக் கருவறையாகத் தடம் அமைந்தால், வடக்கே கோமுகி இருந்த இடத்தையும் தேடலாம். அபிஷேகத் தண்ணீர் அந்தப் பக்கம்தான் வெளியேறும்.

பொலபொலப்பான மண் ஈரத்தைக் கூடுதலாகப் பிடித்து வைக்கும். அதனால் சுற்றிலும் பயிர் வாடும்போது வானத்தின் மேல் நிற்பது மட்டும் சில நாள் பச்சையாக இருக்கும். ட்ரோனில் பார்த்தால் கட்டடத்தின் வரைபடமே தெரியலாம். மானாவாரிக் காட்டில்தான் இது நடக்கும். கண்மாய்ப் பாசன வயலில் எல்லாமே பச்சை.

காலம் சொல்லும்போதுதான் கவனம் வேண்டும். பள்ளத்தை நிரப்பிய மண்ணில் கும்பினிக் காசு (கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு) கிடைத்தால், கோயில் அந்தக் காலத்தது என்று அர்த்தமில்லை. அந்தக் காசு அடிக்கப்பட்டதற்குப் பிறகுதான் பள்ளம் மூடியது என்று அர்த்தம். கட்டிய காலத்துக்கு, வானத்தின் அடியில் கட்டியவர்களே கொட்டி இறுக்கிய மணலுக்குள் தேட வேண்டும்.