கை விட்டுப்போன நீல ஓடுகள்

பழைய கட்டடங்களைப் பாதுகாத்துச் செப்பனிடுவது என் தொழில். டெல்லி ஹுமாயூன் கல்லறையின் மேல்தளச் சத்ரிகளில், அதாவது தூண்கள்மேல் நிற்கும் சிறு குவிமாட மண்டபங்களில், ஒருகாலத்தில் நீலமும் பச்சையும் மஞ்சளுமாக மெருகு ஓடுகள் (கண்ணாடிபோன்ற மேற்பூச்சு கொண்டவை) பதிக்கப்பட்டிருந்தன. உதிர்ந்த இடங்களில் அவற்றை மீண்டும் பதிக்க ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை முனைந்தபோது, அந்தத் தொழில் டெல்லியில் அற்றுப்போயிருந்ததால், உஸ்பெகிஸ்தானிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்து நிஜாமுதீன் பகுதி இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது.

அதற்கு உறவான நீல மட்கலம் ஜெய்ப்பூரில் இன்னும் இருக்கிறது. முன்னொரு முறை அழியும் நிலைக்குப் போய், கைவினைக் கலைகளை மீட்கப் பாடுபட்ட கமலாதேவி சட்டோபாத்யாயா, ஓவியர் கிருபால் சிங் ஷெகாவத் போன்றோரின் முயற்சியால் மீண்ட கலை அது. மட்கலம் என்று பெயரே தவிர, குயவர் களிமண் அதில் இல்லை. குவார்ட்ஸ் கல்பொடி, கண்ணாடிப் பொடி, சிறிது முல்தானி மட்டி, வெண்காரம், பிசின் ஆகியவற்றைப் பிசைந்த மாவு அது. இழுவைத்தன்மை குறைவு என்பதால் பெரும்பாலும் அச்சில் அழுத்தித்தான் உருவாக்குகிறார்கள். நிறம் தரும் கோபால்ட் ஆக்சைடைத் தொட்டு எழுதும்போது கோடு கருமையாகவே தெரியும். மெருகின் அடியில் வெந்து சூளையைவிட்டு வெளிவந்த பிறகுதான் அது நீலம். சூடு சற்றுப் பிசகினால் பல நாள் உழைப்பு விரிசலாகிவிடும். இத்தனை பாடுபட்டுச் செய்த பொருளின் பக்கத்திலேயே, பூ அச்சிட்ட ஆலைப் பீங்கான் அதே பெயரில் மலிவாக விற்கும்போது, பிள்ளைகள் வேறு வேலைக்குப் போவதை நான் குறை சொல்லமாட்டேன்.

வாங்குவோர் உடைந்த ஓரத்தைப் பாருங்கள். அசலானது வெண்மையாக, நெருநெருவென்று சர்க்கரைக் கட்டிபோல் இருக்கும். ஈயம் கலவாத மெருகு என்று செய்தவர் உறுதிசொன்னால் ஒழிய, அதில் உணவு பரிமாற வேண்டாம்.

மெருகு ஓடு பதித்த பழைய சுவர் உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெயர்ந்த இடத்தைச் சிமெண்டால் அடைக்காதீர்கள். ஈரம் வெளியேற வழியின்றி, அதிலுள்ள உப்பு மெருகின் அடியில் படிகமாகி, நல்ல ஓடுகளின் மேற்பூச்சையும் செதில் செதிலாகத் தள்ளிவிடும். சுண்ணாம்புக் காரையே போதும். உதிர்ந்த துண்டுகளைப் பெருக்கி எறியாமல், எந்த வரிசையில் எத்தனையாவது ஓடு என்று குறித்து, துணியில் சுற்றி வையுங்கள். புதிய ஓடு செய்பவர் உங்கள் சுவரின் நீலத்தை ஒப்பிட்டுப் பார்க்க அந்தத் துண்டைத்தான் கேட்பார்.