ஊரில் மண் அள்ளுகிறார்களா? மனு எழுதும் முன் தேதியைப் பாருங்கள்

கொள்ளிடக் கரை ஊர்க்காரர் ஒருவர் மஞ்சள் பை நிறைய ஒப்புகைச் சீட்டுகளோடு வந்தார். பதினொரு மாதமாக மனு போட்டிருக்கிறார். திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டம், தாலுகா ஆபீஸ், கனிமவளத் துறை, மறுபடியும் திங்கட்கிழமை. எல்லாச் சீட்டும் பத்திரமாக இருந்தது. வழக்குப் போடும் கெடு மட்டும் முடிந்திருந்தது.

"டெல்டாதான் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாச்சே, எப்படி சார் அள்ளுறான்?" என்று கேட்டார். எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். டெல்டாவை அப்படி மண்டலமாக்கி 2020-ல் வந்த தமிழ்நாட்டுச் சட்டம் புதிதாக எண்ணெய், எரிவாயு, மீத்தேன் எடுப்பதையும், உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்ற சிலவற்றையும் தடுக்கிறது. ஆற்று மணல், பள்ளம் நிரப்பப் பயன்படும் சவுடு மண், கிராவல் எதுவும் அந்தப் பட்டியலில் கிடையாது. முன்பே ஓடிக்கொண்டிருந்த எண்ணெய்க் கிணறுகளைச் சட்டம் தொடவில்லை. குழாய் பதிக்கவும் விலக்கு உண்டு. 2017 ஜூன் 30-ல் கதிராமங்கலம் வயலில் கச்சா எண்ணெய் ஓடியது குழாயிலிருந்துதான். அப்புறம், திருச்சி, கரூர், அரியலூர் மாவட்டங்கள் மண்டலத்துக்குள்ளேயே வராது. கொள்ளிடத்தின் தஞ்சாவூர்க் கரை உள்ளே, எதிரே தெரியும் அரியலூர்க் கரை வெளியே. இப்படிக் கோடு போட்டவர்கள் ஆற்றைப் பார்த்துத்தான் போட்டார்களா என்று எனக்குச் சந்தேகம்.

2023 ஏப்ரலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு நிலக்கரி வட்டாரங்களை ஒன்றிய அரசு ஏலத்திலிருந்து நீக்கியது. ஊர் ஊராக எதிர்ப்பு கிளம்பியது, முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார், நடந்தது. ஒரு சவுடுக் குவாரிக்கு யாரும் டெல்லிக்குக் கடிதம் எழுதப்போவதில்லை. அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

வழக்குப் போட வேண்டிய இடம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் அமைப்பு. தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. குவாரிக்குக் கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதியே தப்பு என்றால், அந்த உத்தரவு வெளியில் தெரியவந்த நாளிலிருந்து 30 நாளில் மேல்முறையீடு செய்ய வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் தருவார்கள், அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது. அனுமதியே இல்லாமல் அள்ளினாலும், அனுமதியின் நிபந்தனையை மீறி ஆழமாகத் தோண்டினாலும், பிரச்சினை முதலில் தொடங்கிய நாளிலிருந்து 6 மாதம், அதன் மேல் அதிகபட்சம் 60 நாள். நீங்கள் மனு கொடுத்துப் பதிலுக்குக் காத்திருந்த நாளெல்லாம் இந்தக் கணக்கில் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

மனு எப்படிச் சுற்றும் என்றால், கலெக்டர் ஆபீஸிலிருந்து தாசில்தாருக்கு, அங்கிருந்து ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), அப்புறம் வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்). வி.ஏ.ஓ. வருகிற அன்று மட்டும் பொக்லைன் இருக்காது. "நேரில் ஆய்வு செய்ததில் மண் எடுக்கப்படவில்லை" என்று எழுதி, வந்த வழியே திரும்பும். மனு முடித்துவைக்கப்பட்டது என்று உங்கள் செல்லுக்கு ஒரு செய்தி வரும். மனுவே போட வேண்டாம் என்று சொல்லவில்லை, போடுங்கள், சீட்டு வாங்குங்கள். ஆனால் அதே வாரத்தில் அனுமதி உத்தரவைத் தேடி எடுத்துவிடுங்கள். அதற்காகத் தகவல் உரிமை மனு போட்டால் பதிலுக்கே 30 நாள், உங்கள் மேல்முறையீட்டுக் கெடுவும் 30 நாள். ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பெரும்பாலும் உத்தரவு கிடைக்கும். ஊராட்சிக்கும் நகல் வந்திருக்க வேண்டும், 30 நாள் பார்வைக்கு வைத்திருக்கவும் வேண்டும். எங்கள் பக்கம் அப்படி ஒட்டி நான் பார்த்ததில்லை.

கிராம சபைத் தீர்மானம் போட்டால் குவாரி நின்றுவிடும் என்று நம்புகிறவர்கள் நிறைய. நிற்காது. கனிமத்துக்குக் கிராம சபை சம்மதம் கட்டாயம் என்கிற சட்டம் பழங்குடிகளுக்கான அட்டவணைப் பகுதிகளுக்குத்தான், தமிழ்நாட்டில் அப்படி ஒரு பகுதியும் அறிவிக்கப்படவில்லை. ஆனாலும் தீர்மானம் நல்ல சாட்சி. கூட்டம் கலைவதற்கு முன்பே தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டதா என்று பார்த்து, பக்கத்தைச் செல்லில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெற்றுத் தாளில் வருகைக் கையெழுத்து கேட்டால் போடாதீர்கள்.

இன்னொரு ஏமாற்று, வண்டல். ஏரி, குளத்து வண்டலை விவசாயி தன் வயலுக்கு இலவசமாக எடுக்கலாம், 2024 முதல் தாசில்தாரே அனுமதி தருகிறார். நல்ல ஏற்பாடுதான். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு டிப்பர் மனைக்கட்டுக்குப் போகிறது. யார் பெயர், எந்த சர்வே எண், எத்தனை லோடு என்று கேளுங்கள். அந்த வயலில் போய்ப் பாருங்கள்.

லாரியை வழிமறிக்காதீர்கள். வழக்கு உங்கள் மேல்தான் விழும், பையன் வேலைக்குப் போகும்போது அது முன்னால் வந்து நிற்கும். ஸ்டேஷனில் "கனிமவளத் துறை புகார் தரணும்" என்று அனுப்புவார்கள். மணல் திருட்டைத் திருட்டு வழக்காகப் போலீஸே பதியலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014-லேயே சொல்லிவிட்டது. அதை எழுதியே கொடுங்கள்.

தீர்ப்பாயத்துக்கு எழுதும்போது அரசுக்கு ராயல்டி போச்சு என்று ஆரம்பிக்காதீர்கள். கனிமச் சட்டம் அவர்கள் வரம்பில் இல்லை. நிலத்தடி நீர், வாய்க்கால் கரை, தூசி, இதை எழுதுங்கள். கட்டணம் 1,000 ரூபாய், வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. வக்கீலுக்குக் காசில்லை என்றால் வீட்டுப் பெண்கள் பெயரில் மனு போடுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீல் தர வேண்டும்.

மஞ்சள் பைக்காரருக்கு மிச்சமிருந்த வழி இழப்பீடு. அதற்கு 5 ஆண்டு கெடு, கேட்கும் தொகையில் 1 சதவீதம் கட்டணம். குவாரி வருவதற்கு முன்னால் உங்கள் போர்வெல்லில் எத்தனை அடியில் தண்ணீர் இருந்தது என்று கேட்டேன். எங்கும் எழுதிவைக்கவில்லை. இப்போது வாரம் ஒருமுறை கயிறு விட்டு அளந்து, பேத்தியின் பழைய நோட்டில் தேதி போட்டு எழுதுகிறார்.