பெயிண்டுக்கு அடியில் ஒரு சொட்டு

"மெஷின் ஸ்டாண்டுக்கு நல்ல பெயிண்டாக வாங்கி இரண்டு கோட் அடித்தேன். ஒரே வருடத்தில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிட்டது. சுரண்டினால் உள்ளே துரு. பெயிண்ட் போலியா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பெயிண்ட் நல்லதாகவே இருந்திருக்கலாம். இப்படிக் கொப்புளித்தால் நான் முதலில் சந்தேகப்படுவது பெயிண்டை அல்ல, அதற்கு அடியில் இருந்த இரும்பின் பரப்பை.

இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு என்று பள்ளியில் படித்திருப்போம். அந்தச் சேர்க்கை உண்மையில் ஒரு மின்சுற்று. ஓரிடத்தில் இரும்பு அணு இரண்டு எலக்ட்ரான்களை விட்டுவிட்டு, அயனியாக, அதாவது மின்னூட்டம் பெற்ற அணுவாக, தண்ணீரில் கரைகிறது. அந்த எலக்ட்ரான்கள் உலோகத்துக்குள்ளேயே ஓடி, இன்னோர் இடத்தில் தண்ணீரோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து காரத்தை உண்டாக்குகின்றன. தண்ணீரில் நகரும் அயனிகள் சுற்றை முடித்துவைக்கின்றன. உப்பு கலந்தால் அயனிகள் பெருகி மின்சாரம் எளிதாகப் பாயும், துருவும் வேகமெடுக்கும்.

இதைக் கண்ணாலேயே பார்க்க முடியும். 1920-களில் கேம்பிரிட்ஜில் யூலிக் ஈவான்ஸ் என்ற விஞ்ஞானி செய்து பிரபலமான சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. பளபளவென்று தேய்த்த இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு உப்புநீர். அதில் இரண்டு நிறங்காட்டிகள்: பொட்டாசியம் ஃபெரிசயனைடு, இரும்பு கரையும் இடத்தில் நீலமாகும். ஃபினால்ஃப்தலீன், காரம் உண்டாகும் இடத்தில் இளஞ்சிவப்பாகும். முதலில் இரண்டு நிறமும் புள்ளி புள்ளியாகக் கலந்து தெரியும். சிறிது நேரத்தில் சொட்டின் நடுவில் கரைந்திருந்த ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. விளிம்பிலோ தண்ணீர் மெல்லியது, காற்றிலிருந்து ஆக்சிஜன் வந்துகொண்டே இருக்கும். அப்புறம் நிறங்கள் தாமாகப் பிரிகின்றன: நடுவில் நீலம், சுற்றிலும் இளஞ்சிவப்பு வளையம், இரண்டுக்கும் நடுவே பழுப்பாகத் துரு.

கவனியுங்கள், ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும் விளிம்பு தப்பித்துக்கொள்கிறது. ஆக்சிஜன் இல்லாத நடுப்பகுதிதான் அரிக்கப்படுகிறது. போல்ட்டின் தலைக்கு அடியிலும், ஈரத்துணி கிடந்த இடத்திலும், அழுக்கு அப்பிய மூலையிலும் குழி விழுவது இதனால்தான்.

சரி, பெயிண்ட் என்ன செய்கிறது? தண்ணீரை உள்ளே விடாமல் தடுக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மேய்ன் என்ற ஆய்வாளர் கணக்குப் பார்த்தார். சாதாரணப் பெயிண்ட் படலங்கள் வழியே, வெறும் இரும்பு துருப்பிடிக்கத் தேவையான அளவுக்குத் தண்ணீரும் ஆக்சிஜனும் கசிந்து போகின்றன! ஆனால் அயனிகளால் அவ்வளவு எளிதாகப் படலத்தைக் கடக்க முடியாது. சுற்று முழுமையடையாமல் நிற்கிறது. நல்ல பெயிண்ட் படலத்தின் முக்கியமான வேலை மின்தடையாக இருப்பதுதான்.

வாசகரின் கொப்புளத்துக்கு இப்போது வரலாம். பெயிண்ட் அடிக்கும் முன் இரும்பைத் தொட்ட விரலின் வியர்வை, சரியாகக் கழுவாத பழைய துருவின் குழிகள், இவற்றில் உப்பு தங்கியிருக்கும். மேலே படலம் மூடியதும் அந்த உப்பு, சவ்வூடு பரவலால் வெளியிலிருக்கும் தண்ணீரைப் படலத்தின் வழியாக உள்ளே இழுக்கிறது. தேவையான அயனிகளும் அங்கேயே இருக்கின்றன. பெயிண்டுக்கு அடியில் ஈவான்ஸின் சொட்டு தயார். அதன் விளிம்பில் உண்டாகும் காரம், எண்ணெய் சார்ந்த பெயிண்டைச் சோப்பாகவே மாற்றிவிடும். பிடிப்பு விட்டுப் படலம் எழும்ப, சொட்டு அகலமாகிறது. எவ்வளவு நேர்த்தியான அழிவு!

ஆகவே பழைய பெயிண்டையும் துருவையும் கம்பி பிரஷாலும் உப்புத்தாளாலும் பளிச்சென்று வரும்வரை தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி உடனே உலர்த்துங்கள். டீசலால் துடைத்தால் சுத்தமாகிவிடும் என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள், அது எண்ணெய்ப் பிசுக்கை விட்டுச்செல்லும். தின்னரால் துடைத்து, வெறுங்கை படாமல் அன்றைக்கே பிரைமர் அடியுங்கள். கூரான விளிம்புகளில் பெயிண்ட் பின்வாங்கி மெலிந்துவிடும், அங்கே மட்டும் முன்கூட்டியே ஒரு கை கூடுதலாக.

ரெட் ஆக்சைடு பிரைமரின் சிவப்பும் இரும்பின் ஆக்சைடுதான், துருவுக்கு நெருங்கிய சொந்தம். அந்த நிறமிக்குத் துருவைத் தடுக்கும் தனிச்சக்தி கிடையாது. துத்தநாகப் பொடி நிறைந்த பிரைமர் வேறு விதம். இரும்புக்குப் பதிலாகத் துத்தநாகமே எலக்ட்ரான்களைத் தந்து கரைந்துபோகும். அதற்கு அந்தப் பொடி வெறும் இரும்பைத் தொட்டாக வேண்டும். பழைய பெயிண்டின் மேல் அடித்தால் அந்தப் பலன் கிடைக்காது.

துருப்பிடிப்பது போன்ற உலோக அரிமானத்தால் ஏற்படும் இழப்பு உலக மொத்த உற்பத்தியில் சுமார் 3.4 சதவீதம் என்று, அரிமானப் பொறியாளர்களின் சர்வதேச அமைப்பான நேஸின் (NACE) 2016 அறிக்கை மதிப்பிட்டது. இவ்வளவு பெரிய இழப்பு, ஆனால் பெயிண்டுக்கு அடியில் நடப்பதை ஆராய்வது பலருக்கும் கவர்ச்சியான துறையாகத் தெரிவதில்லை. அங்கே இன்னும் நிறையப் பணம் போக வேண்டும் என்பது என் கருத்து.

நிறங்காட்டிகள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தேய்த்த இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு உப்புநீர் விட்டு, காய்ந்துவிடாமல் கிண்ணத்தால் மூடிவையுங்கள். சில மணி நேரம் கழித்துத் துடைத்தால், நடுவில் மங்கிய இரும்பும் அதைச் சுற்றிப் பழுப்புக் கறையும் தெரியும். ஓரம் மட்டும் இன்னும் பளபளத்துக்கொண்டிருக்கும்.